புயலுக்கு முன் நான் எடுத்து வைத்தவை

மழைக்காலம் வருகிறதென்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்னைக் கண்டால் பயம். புரட்டாசி பிறந்ததும் ஆரம்பித்துவிடுவேன். கூரையில் கயிறு இழுத்துக் கட்டியாயிற்றா, விறகு பரணில் ஏறியாயிற்றா, கேழ்வரகு அரைத்தாயிற்றா, ஆட்டுக்குத் தழை எங்கே என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்காரரின் காது புளித்துப்போகும். "வானத்துல ஒரு பொட்டு மேகம் காணோம். இவ இப்பவே குடையை விரிச்சிட்டா" என்று பக்கத்திலிருக்கிற தன் அண்ணன் வீட்டைப் பார்த்துச் சொல்வார். நான் சும்மா விடமாட்டேன். "சிரிங்க. நாளைக்கு ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணு செவந்தா தெரியும்" என்பேன்.

எங்கள் ஊர் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் பஸ் திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டி நடக்க வேண்டிய ஊர். மழை பலத்தால் மலைச்சாலையில் மண் சரியும், மரம் விழும். முதல் காற்றுக்கே கரண்டை நிறுத்திவிடுவார்கள். மாவு மிஷின் ஓடாது, ஜீப் வராது, ரேஷன் லோடு ஏறாது. ஒரு வாரமோ பத்து நாளோ எங்களைக் கேட்க நாதி கிடையாது. அதனால் எடுத்து வைக்கிற பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகம்.

எடுத்து வைப்பதில் நாங்கள் எல்லோருமே கடைப்பிடிக்கிற வழக்கம் ஒன்றுதான். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டும். சாமை நன்றாகக் காய்ந்துவிட்டது என்று பல்லில் கடித்துப் பார்த்தாலும் இன்னொரு வெயில் காட்டித்தான் தொம்பையில் கொட்டுவோம். தொம்பை என்பது மண்ணும் சாணமும் பூசிய மூங்கில் குதிர். புளியை உப்புப் போட்டு இடித்த பிறகு மேலே இன்னொரு பிடி உப்பு விழும். கொள்ளுக்குச் செம்மண் பூசிக் காயவைத்து எடுத்தால் திரும்பவும் ஒரு தடவை பூசுவோம். சோளக்கதிரை அடுப்புக்கு மேலே கட்டினால் புகையில் கறுத்துப்போகும்வரை இறக்கமாட்டோம். அரைகுறையாக வைத்ததில்தான் பூச்சி விழும். அதிகமாக வைத்து எதுவும் கெட்டதாக நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

புயல் வந்த அந்தக் கார்த்திகையில் எடுத்து வைப்பதற்கு இன்னொன்றும் இருந்தது. அது என் மகளின் ஊசி மருந்து.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதத்தில் துரும்பாக இளைத்து, பானைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, கடைசியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோதுதான் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். "பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்லம்மா இது. இவ உடம்புல இன்சுலின் சுரக்கவே சுரக்காது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஊசி நின்னா உசுரு நிக்காது" என்று டாக்டர் பச்சையாகச் சொன்னார். நான் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மிஷினில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் இரண்டு ஆட்டை விற்றுப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி ஜீப் மேலே கட்டிக்கொண்டு வந்தார். அதில் மருந்தைத் தவிர வேறெதுவும் வைக்க விடமாட்டேன். என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடுதான். ஒரு நாள் மோர் சொம்பைக் கொண்டுவந்து வைக்கப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

புயல் வருகிறது என்று போனில் செய்தி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சாமி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். வீட்டைச் சுற்றி மண்வெட்டியால் கால்வாய் இழுத்தோம். கூரைத் தகட்டின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றினோம். ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி நோட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். போன்களைச் சார்ஜில் போட்டேன். மதியம் வாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்து மட்டும்தான் மிச்சம்.

மூன்று பாட்டில் இருந்தது. ஒன்று பாதி தீர்ந்தது, இரண்டு புதுசு. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. ஒரு வாரம் கரண்ட் இல்லையென்றால் இந்த மருந்து என்னாகும் என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குளிர்ச்சி வேண்டும், அவ்வளவுதானே. கரண்ட் இருக்கும்போதே நன்றாகக் குளிர்ச்சி ஏற்றிவிட்டால், வெயில் ஏறிய சாமை மாதிரி, அது தாங்கி நிற்கும். மூன்று பாட்டிலையும் எடுத்து மேலே ஐஸ் பிடிக்கிற பெட்டிக்குள் வைத்து மூடினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் முதல் தடவையாகக் கிண்டல் பண்ணாமல், "நல்ல வேலை பண்ண" என்றார்.

சாயங்கால ஊசிக்கு எடுத்தபோது மூன்றுமே கட்டியாகிவிட்டிருந்தன. பாதி பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டி இளக்கினேன். கை விறைத்துப்போனது. இவ்வளவு குளிர்ச்சி ஏறியிருக்கிறதே, இனிப் பத்து நாளானாலும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது வழக்கமாகப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற மருந்து. அன்றைக்குப் பாட்டில் சுவரில் சின்னச் சின்னப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. குளிருக்கு அப்படி ஆகியிருக்கும் என்று ஊசியில் ஏற்றினேன். மகள் தொடையைக் காட்டினாள். போட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

காற்று எங்கள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூரை தாங்கியது, அடுப்பு எரிந்தது, வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேழ்வரகுக் களியைத் தின்றபடி, "ராணி மாதிரி வெச்சிருக்க வூட்டை" என்றார். நான் மகளின் விரலைக் குத்திப் பார்த்தேன். இருநூற்று எழுபது காட்டியது. வழக்கமாகக் காலையில் அதில் பாதிதான் இருக்கும்.

பயப்படவில்லை. மழையில் ஓடியாடாமல் உட்கார்ந்திருந்தால் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். ஊசியில் இரண்டு யூனிட் கூடப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் முந்நூற்று எண்பது. திரும்பவும் கூடப் போட்டேன். மகள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். மழையில் வெளியே ஒன்றுக்குப் போய்விட்டு நனைந்து நடுங்கிக்கொண்டு வருவதும் திரும்பப் போவதுமாக இருந்தாள்.

எனக்குள் சந்தேகம் நுழைந்தது அப்போதுதான். மருந்து சரியாக இருக்கிறது, என் கையால் நானே வைத்தது. களி அளந்துதான் போட்டேன். அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார்? பரணில் இருந்த வெல்லப் பானையை இறக்கிப் பார்த்தேன். குறைந்திருந்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

"வெல்லம் எடுத்தியா?"

"நா எடுக்கலம்மா."

"பொய் சொன்னா சூடு போடுவேன்."

"எடுக்கலன்னா எடுக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலைத்தான் நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். மிஷினில் எண்ணே வரவில்லை, ஹை என்று காட்டியது. அதற்குமேல் அதனால் எண்ண முடியாது என்று அர்த்தம். அவள் வாயைத் துடைத்துவிடக் குனிந்தேன். கனிந்த வாழைப்பழத்தின் வாசனை அவள் மூச்சில் அடித்தது.

எங்கள் வீட்டில் வாழைப்பழம் இல்லை. ஓரகத்தி வீட்டில் ஒரு தார் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் நான் மனுஷியாக இல்லை. அந்த மழையில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றேன். "என் புள்ளைக்கு யாரு பழம் குடுத்தது? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? ஃபிரிட்ஜுல மோர் வைக்க விடலன்னு என் புள்ளை உசுரை எடுப்பியா?" என்று கத்தினேன். ஓரகத்தி வாசலுக்கு ஓடி வந்தாள். "நா ஒண்ணும் குடுக்கலியே, இன்னா சொல்ற நீ" என்றாள். மகள், "பெரியம்மா குடுக்கல, நா துன்னல" என்று அழுதாள். நான் கையை ஓங்கினேன். ஓங்கியதோடு நிற்கவில்லை. ஓரகத்தி பார்க்க, அவள் புருஷன், என் மைத்துனர் பார்க்க, கன்னத்தில் அடித்தேன். "திருடித் துன்னுட்டுப் பொய்யும் பேசுறா" என்றேன். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கஞ்சித் தண்ணியைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். சர்க்கரை இறங்கினால்தான் சோறு.

இதை எழுதும்போது கை கூசுகிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

மதியம் ஓரகத்தி வந்தாள். அவள் வந்திருக்கவே வேண்டியதில்லை. நான் பேசிய பேச்சுக்கு ஆறு மாதம் முகத்தில் விழிக்காமல் இருந்தாலும் தப்பில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவள் என்னைப் பார்க்காமல் நேரே என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் பேச்சில்லாமல் கிடந்தாள். ஓடி வந்தவள் மாதிரி நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஓரகத்தி அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது பழம் துன்ன மூச்சு இல்ல. படுத்துக் கிடக்கிற புள்ளைக்கு இப்படியா வாங்கும்? தூக்குங்க."

"ரோடு மூடிக் கிடக்குதே அக்கா" என்றேன்.

"ரோடு இல்லன்னா காடு கீது. தூக்குங்கன்றேன்."

கீழே இறங்குகிற மலைச்சாலை மண் சரிந்து மூடிவிட்டதாகக் காலையிலேயே செய்தி. திறந்திருந்தது மலைமேலேயே இருக்கிற ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மட்டும்தான். அதற்கும் காட்டு வழியாக நடந்து போய்த்தான் ஜீப் வரக்கூடிய சாலையைப் பிடிக்க வேண்டும். மைத்துனர் போய் இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி டோலி செய்து, மகளை உள்ளே வைத்துச் சாக்குப் போட்டு மூடினார்கள். நான் கவரை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நோட்டு, மிஷின், மூன்று பாட்டில் மருந்து. அந்த நிலையிலும் பாட்டிலை ஈரத் துணியில் சுற்றி எடுத்தேன், குளிர்ச்சி போய்விடக் கூடாதென்று.

வழுக்கி வழுக்கி இறங்கினோம். நடுவில் ஒரு ஓடை. வெயில் காலத்தில் செருப்பு நனையாது. அன்றைக்கு இடுப்பளவு செந்தண்ணீர், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. மைத்துனர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் கடந்து அக்கரை மரத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வந்தார். டோலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆண்கள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நடு ஓடையில் வீட்டுக்காரருக்குக் கால் இடறியது. டோலி ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. பின்னால் இருந்தவர் தோள் கொடுத்து நிமிர்த்தினார். அக்கரை ஏறியதும் துணியை விலக்கிப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. "தூங்காதடி, அம்மாவைப் பாரு" என்றேன். பார்த்தாள். யாரோ எவளோ என்பது மாதிரி பார்த்தாள். எனக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது.

சாலையில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு ஜீப் இருந்தது. கேட்டதும் கோடரியைப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மகளின் மூச்சைக் கேட்ட கையோடு இரண்டு கையிலும் ஊசி குத்திச் சலைன் ஏற்றச் சொன்னார். "இதுக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரோடு இல்ல. இங்கயே பாக்குறோம்" என்றார். ஒரு நர்ஸ் என்னிடம் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். கவரைப் பிரித்தேன். எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறேன் என்ற தைரியம் எனக்கு. அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, திப்பி திப்பியா ஒட்டியிருக்குது? ஐஸ் பெட்டியில வெச்சீங்களா?"

"ஆமாங்க சிஸ்டர். கரண்ட் போய்டும்னு முன்னாடியே நல்லா உறைய வெச்சிட்டேன்" என்றேன்.

அவர் பாட்டிலை மேசை மேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உறைஞ்சுபோனா இதுல சத்து இல்லம்மா. மூணு நாளா நீங்க போட்டதுக்குத் தண்ணியைப் போட்டிருக்கலாம். இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜே வேணாம், சும்மா வூட்டுல ஒரு மூலையில வெச்சிருந்தாலே ஒரு மாசம் கெட்டிருக்காது."

முதல் நாள் இதை எனக்குச் சொல்லியிருப்பார்கள். கீழே வை, மேலே வைக்காதே என்று நிச்சயம் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்ன நூறு விஷயத்தில் குளிர்ச்சி என்ற ஒன்றைத்தான் நான் முடிந்துகொண்டு வந்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் என் மகள் அந்த மூன்று நாளும் கம்பளிக்குள் கதை பேசிக்கொண்டு இருந்திருப்பாள்.

"வாயில பழ வாசனை வந்துதுங்களே" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்த ஒன்றாவது நான் நினைத்தபடி இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

"இன்சுலின் இல்லாம உடம்பு கெட்டுப்போனா மூச்சுல அந்த வாசனை வரும்மா" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

மகள் அடுத்த நாள் மதியம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அதற்கு மறுநாள் இட்லி தின்றாள். நர்ஸ் பாட்டிலில் இருந்து ஊசியில் ஏற்றுவதை உற்றுப் பார்த்து, எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு நாள் இருக்கும், கெட்டால் எப்படித் தெரியும் என்று அவளே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். நர்ஸ் பதில் சொன்னார். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கேட்கக் கேட்க அவளுக்கே எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

நர்ஸ் போனதும் நான் சொன்னேன். "மருந்தைக் கெடுத்தது நான்தான். நீ ஒண்ணும் துன்னல. அம்மா தெரியாம அடிச்சிட்டேன்."

கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் நா துன்னலன்னு. என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? பெரியம்மா எதிர்லதான அடிச்ச. அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

ஊர் திரும்பிய அன்று பூட்டைத் திறப்பதற்கு முன்னால் ஓரகத்தி வாசலில் போய் நின்றேன். அவளும் மைத்துனரும் வெளியே வந்தார்கள். சொன்னேன். மருந்தை நான் உறையவைத்தது, பழம் கொடுத்ததாகப் பழி போட்டது, பிள்ளையை அடித்தது, எல்லாம் சொன்னேன். ஓரகத்தி, "வுடு, புள்ளை வந்துட்டா இல்ல" என்று என் கையைப் பிடித்தாள். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் கேட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.

இந்த வருஷமும் காற்று வருகிறது என்று செய்தி வந்திருக்கிறது. கால்வாய் இழுத்தாயிற்று. சாமைக்கு இன்னொரு வெயிலும் காட்டியாயிற்று. மருந்தை மட்டும் நான் தொடுவதில்லை. அவளே எடுத்து வைக்கிறாள். நேற்று சாயங்காலம் மனசு கேட்காமல், "எங்கடி வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.